படிப்பு முடிந்த பின் வாசிப்பு

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, பழைய மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

இக்கழகத்தின் மாலைப் பள்ளியில் முதல் அணியாக அமர்ந்து பயின்றவர்களுள் ஐவர் சேர்ந்து எழுதிய உரை இது. மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும் பேசுகின்றவர்கள் ஐவர். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் வங்கி எழுத்தர். ஒருவர் பேருந்து நடத்துநர். ஒருவர் அரசு மருத்துவமனைச் செவிலியர். ஒருவர் மின்வாரிய ஊழியர். ஐவரும் எங்கள் குடும்பங்களில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். இக்கழகம் இல்லையேல் நாங்கள் இல்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வெள்ளி விழாவில் பழைய மாணவர்கள் பேச வந்தால் தாங்கள் பெற்ற வெற்றிகளைப் பட்டியலிடுவது வழக்கம். நாங்களோ எங்கள் தோல்வி ஒன்றைச் சொல்ல வந்திருக்கின்றோம். படித்து முன்னேறியவர்கள் என்று இவ்வூர் எங்களைச் சுட்டிக்காட்டிய ஆண்டுகளில், நாங்கள் ஒரு நூலையும் முழுமையாக வாசிக்காமல் இருந்தோம். அந்த இழப்பு எவ்வாறு நேர்ந்தது, இழந்த சுவை எவ்வாறு மீண்டது என்பதே இவ்வுரையின் பொருள்.

இரும்பு அலமாரி

கழகம் தொடங்கிய நாளில் அதற்கென்று சொந்தக் கட்டடம் இல்லை. ஓட்டுக் கூரை வேய்ந்த வாடகை வீடு; இரண்டு குழல் விளக்குகள்; கோரைப் பாய்கள்; மூலையில் ஓர் இரும்பு அலமாரி. அதில் பெரியோர் பலர் நன்கொடையாக அளித்த நூல்கள் இருந்தன. அட்டை கிழிந்த அம்புலிமாமா இதழ்கள் இருந்தன. மு. வரதராசனாரின் நாவல்கள் இருந்தன. சோவியத்து நாட்டில் அச்சாகி வந்த, வழவழப்பான தாளில் வண்ணப்படங்கள் கொண்ட சிறுவர் நூல்கள் இருந்தன. எங்கள் தெருவில் பனியே பெய்ததில்லை. ஆயினும் பனிக்காட்டில் ஓநாயும் கரடியும் பேசிக்கொள்வதை அந்த நூல்களில் நாங்கள் வாய்பிளந்து வாசித்தோம்.

மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் மெழுகுவர்த்தி ஒன்றைச் சுற்றி நான்கு தலைகள் கூடும். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கதை நல்ல இடத்தில் இருக்கும்போது மின்சாரம் வந்துவிட்டால் அது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. கணக்குப் பாடம் தொடங்கிவிடும் அல்லவா! அந்த நாளில் எங்களை யாரும் வாசி என்று ஏவவில்லை. வாசித்ததைப் பற்றி யாரும் வினாவும் தொடுக்கவில்லை. இதை இங்கே குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னால் இது தேவைப்படும்.

இன்பம் எங்கே தொலைந்தது?

பத்தாம் வகுப்பு வந்தது. அலமாரி பூட்டப்பட்டது. தவறான எண்ணத்தால் அன்று. எங்கள் நன்மையைக் கருதியே பூட்டினார்கள். கதை வாசிக்கும் நேரத்தில் பாடம் படித்தால் மதிப்பெண் கூடும் என்றார்கள். கூடவும் செய்தது. நோட்ஸ் என்னும் குறிப்பு நூல்களையும் வினா வங்கிகளையும் நெட்டுருச் செய்தோம். பின்னர்ப் பன்னிரண்டாம் வகுப்பு, பின்னர்ப் பட்டம் அல்லது பட்டயம், பின்னர்த் தேர்வாணையத் தேர்வுகள். பத்தாண்டுக் காலம் எழுத்து என்பது மேற்பார்வையாளர் ஒருவரின் கண்முன்னே நாங்கள் சுமந்து கடந்த மூட்டையாயிற்று.

வேலைக்கான ஆணை வந்த நாளில் எங்களுள் ஒருவர் தம் நூல்களை எல்லாம் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டார். தராசில் தட்டு இறங்கியபோது தம் தோள் இலேசானதாக உணர்ந்தார் என்று பின்னாளில் எங்களிடம் ஒப்புக்கொண்டார். நாங்கள் அவரை நகைக்கவில்லை. எங்கள் நிலையும் அதுவே. மூட்டை சுமந்தவன் ஊர் சேர்ந்ததும் மூட்டையை இறக்கி வைப்பான். மீண்டும் அதை மார்போடு அணைத்துக்கொள்ள மாட்டான்.

படிப்பு என்னும் ஒரு சொல்லுக்குள் நம் மக்கள் இரு பொருள்களை வைத்திருக்கின்றோம். தேர்வுக்குப் பயில்வதும் படிப்பே. விரும்பி ஒரு நூலைக் கையில் எடுப்பதும் படிப்பே. முன்னது முடிந்தபோது பின்னதும் முடிந்துவிட்டதாகக் கருதினோம். "அவனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது" என்று எங்கள் பெற்றோர் பெருமையுடன் சொன்னபோது, அச்சொல் எங்கள் வாழ்வில் இவ்வளவு முழுமையாக உண்மையாகும் என்று அவர்களும் அறியார், நாங்களும் அறியோம்.

வேறு காரணங்களும் உண்டு. குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவர் மேல் ஒரு கடன் இருக்கின்றது. தங்கையின் திருமணம், தந்தையின் மருத்துவம், கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றுதல் ஆகிய யாவும் அவரை எதிர்நோக்கி நிற்கின்றன. அந்நிலையில் மாலை நேரத்தில் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து அமர்ந்தால் ஏதோ களவு செய்வது போன்ற உணர்வு எழுகின்றது. இந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஈட்டினாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்கின்றது. தாயும் தந்தையும் அப்படிக் கேட்கவில்லை. நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டோம்.

கைப்பேசி வந்தது. பணி முடிந்து களைத்து வரும் உடலுக்கு அது எளிய துணையாயிற்று. அரை நிமிடக் காட்சிகளில் பழகிய கண், அரைப் பக்கம் ஓடுவதற்குள் நூலைவிட்டு அலைந்தது. எனினும் கைப்பேசியின் மேல் முழுப்பழியையும் போட்டுவிட எங்கள் மனம் ஒப்பவில்லை. அது வருமுன்னரே நாங்கள் நூலைக் கைவிட்டிருந்தோம். இருந்த வெற்றிடத்தில் அது வந்து அமர்ந்தது.

எல்லாவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். எங்களுள் வங்கியில் பணிபுரிபவர் தம் முதல் ஊதியத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் எழுத்துத் தொகுதிகளுள் சிலவற்றை வாங்கிவந்தார். தடித்த தொகுதிகள். பயபக்தியுடன் முதல் தொகுதியைத் தொடங்கினார். முப்பது பக்கங்களில் நின்றுவிட்டார். அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். அதன்பின் வேறெந்த நூலையும் அவரால் எடுக்க இயலவில்லை. தலைவரின் நூலை முடிக்காதவன் ஒரு துப்பறியும் கதையை வாசிப்பது துரோகம் அல்லவா என்று எண்ணினார். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குச் சென்றார், நூல்களை வாங்கினார், அடுக்கினார், வாசிக்கவில்லை. ஏப்ரல் 14 வந்தால் படத்துக்கு மாலை இட்டோம். அலமாரியில் நூல்மேல் தூசி படிந்தது. அந்தத் தூசியைக் கண்டு நாணினோம். நாணம் மேலும் எங்களை நூலிலிருந்து விலக்கிற்று.

ஒரு சிறுமியின் வினா

சில ஆண்டுகளுக்கு முன் கழகத்தின் ஆண்டு விழாவிற்கு எங்களைச் சிறப்பு விருந்தினர்களாக அழைத்தார்கள். மேடையேறி, நூலே நம் ஆயுதம், வாசிப்பே நம் விடுதலை என்று முழங்கினோம். கைதட்டினார்கள். இறங்கி வரும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையேட்டை நீட்டினாள். கையெழுத்து வாங்க வந்தாள் என்று எண்ணினோம். அவளோ, "அண்ணா, இப்போது நீங்கள் என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள்? பெயரை எழுதித் தாருங்கள். நானும் வாசிக்கிறேன்" என்றாள்.

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளியில் படித்த ஒரு நூலின் பெயரை எழுதித் தந்து தப்பினோம். அன்றிரவு பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. இறுதியில் ஆசிரியையாக இருப்பவர் சொன்னார்: "பாட நூலைத் தவிர வேறு நூல் ஒன்றை முழுதும் வாசித்துப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன." அவர் சொன்ன பின்னரே மற்றவர்களுக்கும் வாய் திறந்தது.

பறையும் நூலும்

அவையோரே! இவ்விழப்பை விளங்கிக்கொள்ள எங்களுக்கு உதவியது நம் பறைதான்.

இழவு வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் நம் முன்னோர் பறை முழக்கினார்கள். அதில் கலை இருந்தது; நுட்பம் இருந்தது; ஆயின் விருப்பம் இருக்கவில்லை. ஆள் அனுப்பி அழைத்தால் செல்ல வேண்டும், மறுக்க இயலாது, தந்த கூலியைப் பெற வேண்டும். ஆதலின் தன்மானம் உணர்ந்த தலைமுறையினர் ஊர்தோறும் பறையைக் கீழே வைத்தார்கள். வைத்தது சரியே. பின்வந்த இளைஞர்கள், ஆண்களும் பெண்களும், அதே பறையைத் தம் விருப்பத்தால் தோளில் மாட்டினார்கள், மேடையில் முழக்கினார்கள், அரங்குகள் எழுந்து நின்றன. தோல் அதே தோல். அடி அதே அடி. ஏவியவர் யார் என்பதே வேறுபாடு.

நூலும் எங்களுக்கு அவ்வாறே ஆயிற்று என்று கண்டோம். ஏவலுக்கு வாசித்து வாசித்துச் சலித்தோம், கீழே வைத்தோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் விருப்பத்தால் மீண்டும் எடுக்காமல் இருந்ததே குறை.

எழுத்தை விரும்பி எடுத்த முன்னோர் நமக்கு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ஓர் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே அதற்குத் தலைப்பாக இட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சூன் திங்களில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதன் விலையே அதன் பெயரில் இருந்தது. மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் சுருங்கிற்று. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம்மவரிடையேயும் அவ்விதழ் சென்றது. அந்தத் தொழிலாளர்கள் எந்தத் தேர்வுக்காக அதை வாசித்தார்கள்? பண்டிதர் தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடிகளை எல்லிஸ் துரைக்கு அளித்ததாக எழுதியிருக்கின்றார். வெள்ளையர் வீட்டில் சமையல் பணி செய்தவர் இல்லத்தில் ஏடுகள் இருந்தன. எழுத்தின் சுவை நமக்குப் புதிதாக வந்த கடன்பொருள் அன்று.

அமெரிக்க நாட்டுக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்டு ரைட்டு தம் இளமைக் கதையை 1945இல் நூலாக வெளியிட்டார். அவர் இளைஞராக மெம்ஃபிசு நகரில் வேலை பார்த்தபோது அங்கிருந்த நூலகத்தில் கறுப்பினத்தார் நூல் எடுக்க இயலாது. மென்கென் என்னும் எழுத்தாளரை நாளிதழ் ஒன்று வசைபாடியிருந்ததைக் கண்டார். வெள்ளையர் இதழே ஒரு வெள்ளையரை இவ்வளவு வெறுக்கின்றதே, அவர் அப்படி என்னதான் எழுதிவிட்டார் என்று அறியும் ஆவல் அவருக்கு எழுந்தது. உடன் பணிபுரிந்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை இரவல் பெற்றார். அவர் எழுதியதைப் போன்று ஒரு சீட்டைத் தாமே எழுதினார். ஏவலாள் போல் நடித்து நூலை வாங்கிவந்தார். அந்த ஆவல்தான் வாசிப்பின் வித்து. எங்களிடம் பட்டங்கள் இருந்தன, அட்டைகள் இருந்தன, அந்த ஆவல் மட்டும் இல்லாமல் போயிற்று.

பாபாசாகேப் எவ்வாறு வாசித்தார்?

தடித்த தொகுதியின் முன் நாணி நின்ற எங்கள் நண்பரிடம் ஒருவர், பாபாசாகேப் எவ்வளவு வாசித்தார் என்பதைவிட எவ்வாறு வாசித்தார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள் என்றார். அவர் வாழ்க்கை வரலாற்றைத் தேடினோம்.

பம்பாயில் சர்னி சாலைப் பூங்காவில் பள்ளி நேரத்திற்குப் பின் ஒரு சிறுவன் அமர்ந்து வாசிப்பது வழக்கம். பாட நூல்களோடு நில்லாமல் பிற நூல்களையும் வாசித்தான். அவ்வழியே வந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அவனைக் கண்டு அன்பு கொண்டார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேசன் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய கௌதம புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அந்நூலைப் பற்றி யாரும் அவரைத் தேர்வு வைத்துக் கேட்கவில்லை. அது அவருள் தங்கிற்று. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவினார். இடையே 49 ஆண்டுகள்! தந்தையார் இராம்ஜி சக்பால், மகன் கேட்ட நூல்களை வாங்குவதற்காகத் திருமணமான தம் மகளின் நகையைப் பெற்று அடகு வைத்ததும் உண்டு. ஊதியம் வந்ததும் மீட்டுத் தருவார்.

1917இல் பாபாசாகேப் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது தம் நூல்களை வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். உலகப்போர்க் காலம், நீர்மூழ்கிக் கப்பல் தாக்க, அக்கப்பல் கடலில் மூழ்கிற்று. அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் அழிந்தன. அவர் மீண்டும் சேர்த்தார். பின்னாளில் பம்பாய்த் தாதர்ப் பகுதியில் 'இராஜகிருகம்' என்னும் இல்லத்தை நூல்களை மனத்திற்கொண்டே கட்டினார். கடமைக்காக வாசிப்பவர் வீட்டில் நூலுக்கு ஓர் அலமாரி வைப்பார். நூலுக்காகவே வீடு கட்டமாட்டார்.

இவற்றை அறிந்தபின் எங்கள் நண்பரின் மனத்திலிருந்த அச்சம் விலகிற்று. தடித்த தொகுதியை மரியாதையுடன் மேல் தட்டில் வைத்தார். அதற்குரிய காலம் வரும் என்றார். பாபாசாகேப் தம் வாழ்வில் பட்ட அனுபவங்களைச் சொல்லும் சிறு நூலொன்று உண்டு. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பது அதன் பொருள். அவர் காலத்தில் அது வெளிவரவில்லை. அவர் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1990இல் அதைச் சிறு வெளியீடாக வெளியிட்டது. அதன் தமிழாக்கத்தை வாங்கினோம். ஒரே மாலையில் வாசித்துவிடலாம் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம்.

"தண்ணீர் கிடைத்ததா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடத்துநராக இருக்கும் நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடினோம். வங்கி நண்பர் வாசிக்கத் தொடங்கினார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த நடத்துநரின் அன்னையார் முறத்துடன் வாசற்படிக்கு வந்தார். எழுத்தறியாதவர். "தம்பி, எனக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்க வாசி" என்றார்.

1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும், தொலைவில் பணியிலிருந்த தந்தையைக் காணப் புறப்படுகின்றான். புத்தாடை உடுத்தி, புகைவண்டியில் ஏறி, மசூர் நிலையத்தில் இறங்குகின்றார்கள். அழைத்துச்செல்ல யாரும் வரவில்லை. பிள்ளைகள் மகர் சாதியினர் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகின்றது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கின்றனர். இரட்டைக் கூலி தந்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் உடன் நடந்து வருவதாக ஏற்பாடு. கையில் உணவு இருக்கின்றது. குடிக்க நீர் இல்லை. இரவு கவிகின்றது. சுங்கச் சாவடியில் சென்று நீர் கேட்கின்றார்கள்.

இந்த இடத்தில் அன்னையார் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணீர் கிடைத்ததா, இல்லையா? அதை முதலில் சொல். அப்புறம் வாசி" என்றார்.

வாசித்துக்கொண்டிருந்தவருக்கும் அது தெரியாது. அவரும் அன்றுதான் முதன்முறையாக வாசிக்கின்றார். "இருங்கள் அம்மா, பார்க்கிறேன்" என்று அவர் பக்கத்தைப் புரட்டிய வேகத்தை நாங்கள் கண்டோம். பதினைந்து ஆண்டுகளாக நூலை வாங்கி அடுக்கியவர், அடுத்த வரியில் என்ன இருக்கின்றது என்று அறியத் துடித்தார். மெழுகுவர்த்தியைச் சுற்றி அமர்ந்திருந்த நாளில் எங்களிடம் இருந்ததும் அந்தத் துடிப்புத்தான்.

தண்ணீர் கிடைக்கவில்லை. பிள்ளைகள் உணவிருந்தும் பசியோடு படுத்தார்கள். வாசித்து முடித்ததும் அன்னையார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார். ஒரு செம்பு நிறைய நீர் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் வருமுன் திண்ணையைப் பெருக்கிவைத்துக் காத்திருந்தார். "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேல் சுவரில் அந்தப் பையனின் படம், கோட்டும் கண்ணாடியும் அணிந்து, முப்பது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தை அவர் அறிவார்; பையனை அன்றுதான் அறிந்தார். நாங்களும் அப்படியே.

திண்ணையில் கற்றவை

அன்று தொடங்கிய ஞாயிறு வாசிப்பு பெரும்பாலும் தடையின்றி நடக்கின்றது. இப்போது பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் கூடுகின்றார்கள். பட்டறிவால் நாங்கள் கண்ட சிலவற்றைச் சொல்கின்றோம். எங்களைப் போல் நூலைத் தொலைத்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள்.

சிறிய நூலில் தொடங்குதல் நலம். முடித்தேன் என்னும் நிறைவு அடுத்த நூலுக்கு அழைத்துச் செல்கின்றது. பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கலாம். இதை ஏற்க எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று. தட்டில் இட்டதை மிச்சம் வைக்காமல் உண்ணப் பழகியவர்கள் நாம். நூலையும் அவ்வாறே கருதினோம். நூல் வீணாவதில்லை. மூடியதை மற்றொருவர் திறப்பார். இளமையில் விரும்பிய நூலை மீண்டும் எடுத்தல் நல்லது; பழைய வழித்தடத்தில் கால் தானே நடக்கின்றது. வாசிக்கும் வேளையில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். செவிலியராக உள்ளவர் இரவுப் பணிக்குச் செல்லும் பேருந்தில் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று வாசிக்கின்றார். ஓராண்டில் எத்தனை நூல்கள் ஆகின்றன என்று கணக்குப் பார்த்து அவரே வியந்தார்.

எங்கள் திண்ணையில் ஒரு விதி உண்டு. வாசித்ததன் சுருக்கம் என்ன, கருத்து என்ன, நீதி என்ன என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பேச விரும்பினால் பேசலாம், வாளாவிருக்கலாம்.

பாமா அவர்களின் 'கருக்கு' 1992இல் வெளிவந்த நூல். அதை வாசித்தபோது அன்னையார், "இதுவும் புத்தகமா? நாம் பேசுவது மாதிரியே இருக்கிறதே!" என்று சிரித்துச் சிரித்து, பின் சிரிப்பை நிறுத்தினார். பேராசிரியர் கே. ஏ. குணசேகரன் தம் இளமையை எழுதிய 'வடு' 2005இல் வந்தது. அதையும் வாசித்தோம். நாங்கள் பள்ளியில் பயின்ற நூல்களில் எங்கள் தெரு இல்லை. இருந்தால் ஊருக்குப் புறத்தே, யாரோ ஒருவர் இரக்கப்படுவதற்காக இருந்தது. தன் வீட்டைத் தன் குரலில் காணும் நூல் எதிர்ப்படும்போது, நூலுக்கும் தமக்கும் உறவில்லை என்று எண்ணியவர்களும் நிமிர்ந்து அமர்கின்றார்கள்.

அதேவேளையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஒருநாள் மின்வாரிய நண்பர், "நம் காயத்தை மட்டுமே நாம் வாசித்துக்கொண்டிருக்க வேண்டுமா? எனக்குப் புலிக்கதை வேண்டும்" என்றார். முதலில் திடுக்கிட்டோம். பின்னர் ஜிம் கார்பெட்டின் குமாயூன் வேட்டைக் கதைகளைத் தமிழில் தேடி வாசித்தோம். திண்ணையில் சிறுவர் கூட்டம் நிரம்பிற்று. புலி பதுங்கும் இடத்தில் ஒரு பிள்ளை அன்னையாரின் மடியில் ஏறிக்கொண்டது. இதனால் சமுதாயத்திற்கு என்ன பயன் என்று பெரியவர் ஒருவர் வினவினார். அவ்வினா நியாயமானதே, பயனின்றி ஒரு நாழிகையும் கழிக்க வழியில்லாமல் வாழ்ந்தவர் அவர். பணிவுடன் நாங்கள் சொன்ன விடை இது: பயன் கருதாமல் ஒரு கதையில் மகிழ்ந்திருக்கும் மாலைப்பொழுது வசதியுடையார் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் பெற்றுத்தர வேண்டிய உரிமைகளுள் அதுவும் ஒன்று.

இப்போது வங்கி நண்பரின் தடித்த தொகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாண்டுகளுக்குப் பின் அதை மேல் தட்டிலிருந்து இறக்கினார். இம்முறை முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தமக்கு ஆவல் எழுந்த கட்டுரையிலிருந்து தொடங்கினார். மூன்று தொகுதிகளை முடித்துவிட்டார். புலிக்கதை அவரைப் பாபாசாகேபிடமிருந்து பிரிக்கவில்லை. அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கழகத்திற்கு எங்கள் விண்ணப்பம்

நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் 1931இல் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் காப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகின்றோம். ஆதலின் ஊர்ப்புற நூலகத்தின் வாயிலில் நாம் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அது நம் காசில் நடப்பது.

கழகத்திற்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, அந்த இரும்பு அலமாரியின் பூட்டை எடுத்துவிட வேண்டும். நூல் தொலைந்தால் தொலையட்டும். தொலைந்த நூல் யார் கையிலோ இருக்கின்றது, பூட்டிய நூல் யார் கையிலும் இல்லை. இரண்டாவது, வாரத்தில் ஒரு மணி நேரம் வினாவும் மதிப்பெண்ணும் இல்லாத வாசிப்பு வேளையாக அமைய வேண்டும். தேர்வு எழுதும் வகுப்பினருக்கும் அது மறுக்கப்படலாகாது. மூன்றாவது, அந்த வேளையில் எழுத்தறியாத தாய்மாரையும் முதியோரையும் அழைத்து அமர்த்த வேண்டும். உரக்க வாசிப்பதைக் கேட்க ஒரு செவி இருந்தால் பிள்ளையின் குரலில் உயிர் வருகின்றது. இவற்றிற்குத் தேவையான நூல்களுக்காக எங்கள் ஐவரின் ஒரு மாத ஊதியத்தைச் செயலாளர் ஐயாவிடம் இன்று ஒப்படைக்கின்றோம். நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுமாறு வேண்டுகின்றோம்.

கல்வியால் வேலை கிடைக்கும் என்று கழகம் எங்களுக்குச் சொல்லிற்று, கிடைத்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், வேலை கிடைத்த பின்னரும் நூல் கையில் இருக்கும் தலைமுறையை அது உருவாக்க வேண்டும் என்பதே எங்கள் விழைவு.

இறுதியாக ஒன்று. கையேட்டை நீட்டிய அந்தச் சிறுமி இப்போது கல்லூரி மாணவி. தொண்டர் அட்டை அணிந்து இந்த அரங்கின் பின்வரிசையில் நிற்கின்றாள். தங்கையே, அன்று உனக்கு நாங்கள் பொய்யான விடை எழுதித் தந்தோம்; பொறுத்துக்கொள். இன்று உண்மையைச் சொல்கின்றோம். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் கே. டானியல் எழுதி 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலை வாசித்துக்கொண்டிருக்கின்றோம். பாதி வந்திருக்கின்றோம். வரும் ஞாயிறு மாலை திண்ணைக்கு வா. விட்ட இடத்திலிருந்து நீ வாசி, நாங்கள் கேட்கின்றோம்.